இறந்தவருக்கு லைஃப் சர்டிபிகேட் கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய படைவீரர் ஓய்வூதிய அதிகாரிகளுக்கும், எங்கள் பகுதிச் சேவை மையப் பொறுப்பாளருக்கும்,

என் அப்பா 2025 ஏப்ரலில் இறந்தார். வயது 84. அவர் சாவதற்கு முந்தைய மாதங்களில் நிறுத்திவைக்கப்பட்ட பென்ஷன் பாக்கியைக் கேட்டு, இறப்புச் சான்றிதழோடு அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தேன். "அந்த மாசங்களுக்கு லைஃப் சர்டிபிகேட் இல்லையே, அதைக் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார் கவுன்டரில் இருந்தவர். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் நவம்பரில் கொடுக்க வேண்டிய சான்றுதான் அது. இறப்புச் சான்றிதழை மறுபடி அவர் பக்கம் தள்ளி, ஏப்ரலில் இறந்தவர் ஜனவரியில் உயிரோடுதானே இருந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டம் கேக்குதே" என்றார்.

சிஸ்டத்தோடு பேச எனக்கு வழியில்லை. அதனால் உங்களோடு பேசுகிறேன். மையத்தின் பெயரையோ அந்த ஊழியரின் பெயரையோ இங்கே போடவில்லை. அவரைப் பிடித்து இழுப்பதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அப்பா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய கைரேகை உங்கள் கருவியில் ஏன் விழவில்லை என்பதற்கான காரணம் அவர் வாழ்ந்த வாழ்க்கையில்தான் இருக்கிறது.

1940 கடைசியில் வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது ஒன்றும் அதிசயமில்லை. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். மழை பொய்த்தால் காடு சோறு போடாது. ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தால் பையன்கள் ராத்திரியே கிளம்பிவிடுவார்கள். அப்பா 1960இல் பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். அந்தப் படைப்பிரிவில் சிப்பாய்களை 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். எண்பது வயதிலும் அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒருவரையொருவர் தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. சாப்பர் துப்பாக்கி பிடிப்பதோடு நிற்பவன் இல்லை. பாலம் போடுவான், ரோடு போடுவான், கண்ணிவெடி எடுப்பான். ஆளுக்கொரு தொழிலும் கற்றுக்கொடுப்பார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது எலக்ட்ரீஷியன் வேலை.

பாகிஸ்தானோடு நடந்த 1965 சண்டையிலும் 1971 சண்டையிலும் இருந்தார். சமர் சேவா ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் எல்லாம் அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய சாக்ஸுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. 1971 டிசம்பர் 15 இரவு, ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில், நம் டாங்கிகள் தாண்டிப் போவதற்காகக் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் பாதை திறந்தவர்களில் அவரும் ஒருவர். மறுநாள் அதே முனையில்தான் 21 வயது டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பால் எரிகிற டாங்கியை விட்டு இறங்க மறுத்து உயிர்விட்டார். பரம்வீர் சக்கரம் அவருக்குக் கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைத்தது காதில் ஒரு நிரந்தர இரைச்சல். அதைப் பற்றி அவராகப் பேசியதில்லை. நாங்கள் சின்ன வயதில் நச்சரித்தால் ஒன்றே ஒன்று சொல்வார்: "கம்பியைச் சாய்ச்சு, மெதுவா குத்திக்கிட்டே போகணும். அவசரப்பட்டா நீயும் போவ, பின்னால வரவனும் போவான்."

அவர் எல்லையில் இருந்தபோதுதான் நான் பிறந்தேன். அந்தச் செய்தி '56 ஏ.பி.ஓ.' என்று, அதாவது ராணுவத் தபால் நிலையத்துக்கு, முகவரி போட்ட இன்லண்ட் லெட்டரில் போயிற்று. ஊர் பெயர், தெரு பெயர் எதுவும் கிடையாது. அவருடைய எண், பெயர், யூனிட், 56 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். எந்தப் பள்ளத்தில் கூடாரம் அடித்திருந்தாலும் கடிதம் கையில் வந்து சேர்ந்துவிடும் என்று அம்மா இப்போதும் பெருமையாகச் சொல்வாள். மாதத்துக்கு மாதம் இடம் மாறிக்கொண்டிருந்த சிப்பாயைத் தேடிப் பிடிக்க அன்றைக்கு உங்களால் முடிந்திருக்கிறது. ஒரே தெருவில் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் கடை வைத்திருந்தவரை, கடைக்கு மேலேயே குடியிருந்தவரை, 2024இல் தேடி வர முடியவில்லை.

பதினேழு வருடச் சேவை முடித்து 1977இல் ஹவில்தாராக வெளியே வந்தார். அடுத்த வருடமே கடை திறந்தார். மோட்டார் ரீவைண்டிங் கடை. சுற்றுவட்டாரம் முழுக்கக் கிணற்றுப் பாசனம். கிணற்றுக்குக் கிணறு பம்ப் செட். 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு மோட்டார்கள் இன்னும் பெருகின. மோட்டார் பெருகினால் வோல்டேஜ் இறங்கும், வோல்டேஜ் இறங்கினால் காயில் எரியும். மூன்று பேஸில் ஒன்று போனது தெரியாமல் ராத்திரி மோட்டாரை ஓடவிட்டு, காலையில் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கட்டி எடுத்து வருவார்கள். பயிர் வாடிக்கொண்டிருக்கும். "மிலிட்டரி, ஒரு ராத்திரியில முடிச்சுக் குடு" என்பார்கள். அவரும் முடித்துக் கொடுப்பார். போர்டில் வேறு பெயர் இருந்தாலும் ஊருக்கு அது மிலிட்டரிக்காரர் கடைதான், இன்றைக்கும்.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எரிந்த மோட்டாரைப் பிரித்து, அதன் சுழலாத பகுதியான ஸ்டேட்டருக்குள் கருகிக் கிடக்கும் காயிலை உளியால் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய காயிலில் எத்தனை சுற்று என்று ஒவ்வொரு கம்பியாக எண்ண வேண்டும். ஒரு துண்டை எடுத்து எனாமலைச் சுரண்டி, கேஜ் தட்டில் நுழைத்து எந்த நம்பர் கம்பி என்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்லாட்டைச் சுத்தம் செய்து இன்சுலேஷன் பேப்பர் மடித்து வைத்து, புதுக் கம்பியை ஃபார்மர் என்ற அச்சில் சுற்ற வேண்டும். சுற்றும்போது கம்பி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். பிடி தளர்ந்தால் காயில் தொளதொளவென்று நிற்கும், ஸ்லாட்டில் இறங்காது. பிடி இறுகினால் எனாமல் கீறும். மோட்டார் ஒரே வாரத்தில் திரும்பி வரும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும், கையுறை போட்டால் தெரியாது. கடைசியில் வார்னிஷ். விரலில் ஒட்டிய வார்னிஷைக் கழுவத் தின்னர். ஒருநாள் இருநாள் இல்லை, எழுபத்தெட்டு வயது வரைக்கும்.

ஆதார் எடுக்க வந்த பையன் அவருடைய விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களுக்கு ரேகையே இல்லையே" என்றான். அப்பா சிரித்தார். "எல்லாம் மோட்டாருக்குள்ள இருக்குப்பா."

வார்னிஷ் போட்ட ஸ்டேட்டரைக் காய வைக்க உள்ளே 200 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டுத் தொங்கவிடுவார். நானும் என் இரண்டு தம்பிகளும் வீட்டுப் பாடம் எழுதியது அந்த வெளிச்சத்தில்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டே கணக்குக் கேட்பார். தப்பாகச் சொன்னால் அடிக்க மாட்டார், கத்த மாட்டார். "இன்னொரு தரம் எண்ணு" என்பார், அவ்வளவுதான். என்னைப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சேர்த்தபோது சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து புத்தி சொன்னார்கள். "கரண்டுக்கு ஆம்பள பொம்பள தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தம்பிகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடை என் கைக்கு வந்தது. சப்மெர்சிபிள் மோட்டார் வந்த காலத்தில் எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர் என்னோடு உட்கார்ந்து அதையும் புதிதாகக் கற்றுக்கொண்டார்.

கடைக் கணக்கும் பென்ஷனும் அவருக்கு வேறு வேறு. பென்ஷன் வந்த அன்றே அதை அப்படியே அம்மா கையில் கொடுத்துவிடுவார். கடையில் எவ்வளவு கடன் இருந்தாலும் அதைத் தொட மாட்டார். "இது நான் இல்லாத பதினேழு வருஷத்துக்கு உனக்கு வர்ற சம்பளம்" என்று அம்மாவிடம் சொல்வாராம். ஆகவே, "கடைதான் நல்லா ஓடுதே, பென்ஷன் நின்னா என்ன குடியா முழுகிடும்?" என்று உங்கள் மையத்தில் ஒருவர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. கடை ஓடுகிறது, உண்மை. பென்ஷன் நின்றதால் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அது எங்களுக்கு நீங்கள் போடும் தர்மம் இல்லை. கடை இல்லாத, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத எத்தனையோ ஹவில்தார்களும் நாயக்குகளும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பென்ஷன் நின்றால் அடுப்பு நின்றுவிடும்.

2024 ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது, ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. நவம்பர் வந்ததும் லைஃப் சர்டிபிகேட் நினைவு அவருக்குத்தான் முதலில் வந்தது. தபால்காரரை வரச் சொன்னோம். 2020 முதல் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு டிஜிட்டல் சர்டிபிகேட் எடுத்துத் தரும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். தபால்காரரும் பொறுமையாக அப்பாவின் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார். கருவி ஒன்றையும் ஏற்கவில்லை. கருவிழி எடுக்கலாம் என்றால் ஒரு கண்ணில் புரை. அடுத்தது முகம். 2021இல் வந்த முகப்பதிவு வசதியில் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது ஆப். எதிரே இருப்பது போட்டோ இல்லை, உயிருள்ள ஆள் என்று தெரிந்துகொள்வதற்காக. பக்கவாதத்தில் அப்பாவின் இடது இமை பாதியில் நின்றுபோயிருந்தது. தம்பி போனைத் தூக்கிப் பிடிக்க, அப்பா வலது கண்ணை மட்டும் திரும்பத் திரும்ப மூடித் திறந்தார். ஆப் 'கண் சிமிட்டவும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு காகிதப் படிவத்துக்கு வந்தோம். அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர், கெஜட்டட் அதிகாரி, நேரில் வந்து பார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அதை உங்கள் மையத்தில் நீட்டியபோது, "மேனுவல் எல்லாம் இப்ப எடுக்கறதில்ல, ஆன்லைன்தான்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். வாங்க மறுத்ததாக எழுதிக் கொடுங்கள் என்றேன். அதற்கும் மறுத்தார்கள். 2025 பிறந்ததும் பென்ஷன் நின்றது. ஆன்லைனில் போட்ட புகாருக்கு 'டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் சமர்ப்பிக்கவும்' என்று ஒரு வரி பதில் வந்து, புகார் தீர்க்கப்பட்டது என்று மூடப்பட்டது. எது முடியாது என்று புகார் சொன்னேனோ, அதையே செய்யச் சொல்லி என் புகாரைத் தீர்த்திருக்கிறீர்கள்.

இத்தனைக்கும் விதி எங்களுக்கு எதிராக இல்லை. உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் வர முடியாதவர்களுக்கு மாஜிஸ்திரேட், கெஜட்டட் அதிகாரி, காவல் நிலையப் பொறுப்பில் உள்ள எஸ்.ஐ., போஸ்ட் மாஸ்டர் போன்றவர்கள் கையெழுத்திட்ட சான்று போதும் என்பது பல காலமாக இருக்கும் விதி. படுத்த படுக்கையாக இருப்பவரை வங்கி அதிகாரி வீட்டிலோ மருத்துவமனையிலோ போய்ப் பார்த்துச் சான்று எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் ஓய்வூதியச் சுற்றறிக்கை சொல்கிறது. 70 வயது தாண்டியவர்களுக்கு வீடு தேடிப் போய் வங்கிச் சேவை செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே அதே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கைநாட்டும் வைக்க முடியாதவர் கால் விரல் ரேகை வைத்து, இரண்டு சாட்சிகள் முன்னால் பணம் எடுக்கலாம் என்றுகூட விதி இருக்கிறது. அதை எழுதிய மனிதர் யாரோ, ஒரு நோயாளியின் கட்டில் ஓரத்தில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் திட்டமும் முதியவர்களை அலையவிடாமல் இருக்கத்தான் வந்தது. கருவியை ஒரு வசதியாகக் கொடுத்தார்கள். கவுன்டருக்கு வந்து சேர்வதற்குள் அது ஒரே வழியாகிவிட்டது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 80 வயது நிறைந்தால் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு வயதைத் தொட்டால் இன்னொரு முழு பென்ஷன் என்று அரசே ஏற்பாடு வைத்திருக்கிறது. வயது ஏற ஏறச் செலவு ஏறும், உடம்பு தளரும் என்று தெரிந்துதானே இதைக் கொடுக்கிறீர்கள்? தளர்ந்த உடம்புக்குக் கூடுதல் பணம் என்று ஒரு கையால் எழுதிவிட்டு, அந்தத் தளர்ந்த உடம்பு தன் விரலாலும் கண்ணாலும் தன்னை நிரூபித்தால்தான் அந்தப் பணம் என்று இன்னொரு கையால் எப்படி எழுத முடிகிறது? 2024 நவம்பரில் நாடு முழுவதும் 800 ஊர்களில் டிஜிட்டல் சர்டிபிகேட் முகாம் நடந்தது. நடக்க முடிந்தவர்களுக்கு அது உதவியிருக்கும், மறுக்கவில்லை. எழுந்து உட்கார முடியாதவருக்கு எட்டு ஊரில் நடந்தாலும் எண்ணூறு ஊரில் நடந்தாலும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வருவது நடைமுறையில் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதுக்காரர்களிடம் தபால் ஓட்டு வாங்க வீட்டுக்கே வந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அதிகாரி, போலீஸ்காரர், கேமராக்காரர் எனக் கூட்டமாக மாடி ஏறி, அட்டையால் மறைப்புக் கட்டி, அப்பா ஓட்டுப் போட்டு முடிக்கும் வரை நின்றார்கள். யாரும் அவருடைய விரல் ரேகையைக் கேட்கவில்லை. பட்டியலில் பெயர், கையில் அடையாள அட்டை, எதிரே ஆள். இது போதுமானதாக இருந்தது. ஓட்டு வாங்க ஏறிய அதே மாடிப்படி தான் இதுவும்.

அப்பா போன பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் புதுச் சிக்கல். படை ஆவணத்தில் அம்மா பெயரின் கடைசியில் ஓர் எழுத்து குறைவு. அப்பாவின் இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால். ஆதாரில் தாத்தாவின் முழுப்பெயரே குடும்பப் பெயராகி உட்கார்ந்திருக்கிறது. படை ஆவணத்தில் இருப்பது வேற்று மொழிக்கார எழுத்தர் அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். தமிழ்நாட்டுப் படைவீரர் குடும்பங்களில் இந்தத் தலைவலி இல்லாத வீடு அபூர்வம். டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது, பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு இருக்கிறது, கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ உங்கள் ஆவணத்திலேயே ஒட்டியிருக்கிறது. இதற்கு மேல் அம்மா தான் யாரென்று எந்தக் காகிதத்தைக் கொண்டு காட்டுவாள்? போன வாரம் வந்த உங்கள் குறுஞ்செய்தியில், பாக்கித்தொகைக் கோரிக்கை 'உயிர்வாழ் சான்று இணைக்கப்படாததால்' நிராகரிக்கப்பட்டது என்று இருந்தது. அதைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த நிராகரிப்பை ரத்து செய்யுங்கள். இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியே அந்தத் தேதிவரை அவர் உயிரோடு இருந்ததற்குச் சான்று என்று ஏற்று, நிறுத்திய மாதங்களின் பென்ஷனை அம்மாவின் கணக்கில் போடுங்கள். வங்கி பென்ஷனைத் தாமதித்தால் ஆண்டுக்கு 8 சதவீத வட்டி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அதே கணக்கில் வட்டியும் சேருங்கள். இது எங்கள் வீட்டோடு நிற்கக் கூடாது. பென்ஷன் நின்ற பிறகு இறந்துபோன எவருடைய குடும்பத்திடமும் இனி லைஃப் சர்டிபிகேட் கேட்காதபடி உங்கள் மென்பொருளில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள்.

கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட்ட காகிதப் படிவத்தை எந்த மையமும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். வாங்கியதற்கு ரசீது தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்த உத்தரவைத் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு கவுன்டரிலும் வந்தவர் கண்ணில் படுகிற பக்கம் ஒட்டுங்கள்.

80 வயது நிறைந்த ஒருவரின் பென்ஷனை, யாரும் நேரில் போய்ப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது. பிறந்த தேதி உங்களிடம் இருக்கிறது, முகவரி இருக்கிறது, மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. சான்று வரவில்லை என்றால் முதலில் ஓர் ஆள் வரட்டும், கதவைத் தட்டட்டும். ஆள் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு நிறுத்துங்கள், நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம்.

பெயரில் ஓர் எழுத்துக் கூடுதல் குறைவுக்கும் இனிஷியல் இடமாற்றத்துக்கும் குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்காதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகமும் ஆவணத்தில் உள்ள போட்டோவும் ஒத்துப்போனால் பணத்தை முதலில் கொடுங்கள், எழுத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். அம்மாவுக்கு 76 வயது. அவளும் அந்தக் கடையில் எனாமல் சுரண்டியவள்தான், அவள் விரலும் அப்படித்தான் இருக்கிறது. அடுத்த நவம்பரில் அவளுக்குச் சான்று எடுக்க யார், எந்தத் தேதியில் வீட்டுக்கு வருவார் என்பதை இப்போதே தெரிவியுங்கள்.

பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், குறுஞ்செய்தியும் வேண்டாம். காகிதத்தில், அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் தேதியும் போட்டு, அம்மா பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஹவில்தாரின் மூத்த மகள்,
மிலிட்டரிக்காரர் கடை